திருமுக்கூடல் முதல் திருமணி வரை: ரணசிகிச்சைப் பயிற்சியின் வரலாறு

பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்றுகூடும் திருமுக்கூடலில், வாலாஜாபாத்தை அடுத்து நிற்கும் வேங்கடேசப் பெருமாள் ஆலயத்துச் சுவரிலே, 1063 முதல் 1070 வரை அரசாண்ட வீரராஜேந்திர சோழன் காலத்துச் சாசனம் ஒன்று வெட்டப்பட்டிருக்கிறது. வேதபாடசாலை, மாணவர் விடுதி ஆகியவற்றோடு ‘வீரசோழன்’ என்ற பெயரால் 15 படுக்கைகள் கொண்ட ஓர் ஆதுலசாலையும் அங்கே நடந்துவந்த செய்தியை அது விவரிக்கிறது. மருத்துவர், சல்லியக்கிரியை எனப்பட்ட அறுவையைச் செய்பவர், மூலிகை கொணர்வோர், பணிப்பெண்டிர், நாவிதர் என அனைவருக்கும் உரிய நெல்லளவு அதில் குறிக்கப்பட்டுள்ளது. இரவு விளக்குக்கு வேண்டும் எண்ணெய்கூட மறக்கப்படவில்லை. ஆலப்பாக்கத்துக் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன் என்று மருத்துவரின் ஊரும் பேரும் விளங்க எழுதிய சாசனம், கத்தி பிடித்தவனின் பெயரைச் சொல்லவில்லை. மருத்துவருக்கு நாளொன்றுக்கு மூன்று குறுணி நெல். அவனுக்கு ஒரு குறுணி. ரணத்தைத் தொட்டு ஆற்றும் கைக்கு நம் நாட்டில் அளிக்கப்பட்ட ஸ்தானத்தை ஆராய்வோர்க்கு இந்த மூன்றுக்கு ஒன்று என்னும் கணக்கு நல்ல தொடக்கமாகும்.

இத்தனைக்கும், கைத்தொழிலாகவே சிகிச்சையைக் கற்பிக்கும் முறை பாரத தேசத்திற்குப் புதியதன்று. சுச்ருத சம்ஹிதையின் சூத்ரஸ்தானத்தில் அப்யாசத்துக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. பூசணி, சுரை, வெள்ளரி முதலிய காய்களில் அறுக்கவும், நீரோ சேறோ நிரப்பிய தோற்பையில் கீறவும், செத்த பிராணிகளின் நாளங்களிலும் தாமரைத் தண்டிலும் துளையிடவும், துணியின் ஓரத்திலும் மெல்லிய தோலிலும் தையலிடவும், மனித உருவாகச் செய்த பாவையின் அங்கங்களில் கட்டுக் கட்டவும் மாணவன் பழகவேண்டும் என்று அது விதிக்கிறது. சாஸ்திரம் எவ்வளவு கற்றிருப்பினும் கை பழகாதவன் கருமத்துக்கு உரியவனல்லன் என்பது அதன் துணிபு. விரணத்தை ஆற்ற 60 உபக்கிரமங்களை, அதாவது சிகிச்சை முறைகளை, கூறும் நூல் அது.

ஆனால் 1121ஆம் ஆண்டைச் சேர்ந்த திருவாவடுதுறைச் சாசனம், அங்கே ஓதப்பட்ட மருத்துவ நூல்களாகச் சரக சம்ஹிதையையும் அஷ்டாங்க ஹிருதயத்தையும் சுட்டுகின்றதேயன்றிச் சுச்ருதத்தைச் சுட்டவில்லை. மௌனத்திலிருந்து அதிகமாக ஊகித்துவிடலாகாது. எனினும், நூல் ஓதுதல் ஒரு மண்டபத்திலும் கை பழகுதல் வேறொரு திண்ணையிலுமாகப் பிரிந்திருந்தன என்றே எனக்குத் தோன்றுகிறது. காஞ்சியின் பட்டுத் தறியில் உடலையும் கரையையும் கோர்வையால் இணைக்கும்போது, நெய்பவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மறுகரையின் நாடாவைத் தள்ளும் சிறுவன் எந்த ஏட்டைப் படித்து அதைக் கற்றான்? சல்லியக்கிரியை செய்தவனும் அப்படித்தான் கற்றிருக்கவேண்டும்.

1835இல் சென்னையில் மருத்துவப் பள்ளி தோன்றிய பின்னும் இப்பிரிவினை அகலவில்லை. டாக்டர் எழுதிக்கொடுப்பார், ‘டிரெஸ்ஸர்’ எனப்பட்டவர் கட்டுவார்.

மாறுதல் வந்தது, எவரும் அணுக அஞ்சிய குஷ்டரோகிகளின் புண்களிடமிருந்து. காஞ்சியும் அடங்கியிருந்த பழைய செங்கற்பட்டு ஜில்லாவில், திருமணி என்னும் ஊரில், லேடி வில்லிங்டன் தொழுநோய் நிலையம் இருந்தது. கொல்லிமலையில் 1914இல் பிறந்து, 1946இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், திருமணி நிலையத்து டாக்டர் காக்ரேனுடன் அங்கிருந்த நோயாளிகளைப் பார்வையிட்டார். மரத்துச் சுருண்ட விரல்களுக்குள்ளும் வலிமை மிஞ்சியிருப்பதைக் கண்டு திகைத்தார். அதன் பின் பல்லாண்டு ஆராய்ந்து அவர் தெளிந்த உண்மை எளியது: மாம்சம் தானாக அழுகுவதில்லை, உணர்ச்சி இழந்தமையால், முள் தைத்த காலையும் சுட்ட கையையும் நோயாளி அறியாமலே மேலும் மேலும் வருத்திப் புண்ணாக்கிக்கொள்கிறான். ஆகவே உள்ளங்காற் புண்ணுக்கு முதல் ஔஷதம் ஓய்வு. காலோடு ஒட்டிய பிளாஸ்டர் கட்டினால் பாரம் பரவி, நெடுநாள் ஆறாத புண்ணும் ஆறும். ஆறிய காலை மென்மையான நுண்துளை ரப்பர்ச் செருப்பு காக்கும். மருத்துவம் பயிலுமுன் தச்சு வேலையும் கட்டட வேலையும் கற்றவர் பிராண்ட் என்பது தற்செயலான செய்தியன்று.

திருமணி நிலையத்தை 1955இல் இந்திய அரசு ஏற்று, மத்திய தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிலையமாக்கியது. பெயரிலேயே பயிற்சி இடம்பெற்றதைக் கவனிக்கவேண்டும். அக்காலத்திலேயே வேலூரை அடுத்த கரிகிரியில் எழுந்த ஷீஃபலின் நிலையத்தில் டாக்டரும், இயன்முறைச் சிகிச்சையாளரும், செருப்புத் தைப்பவரும் ஒரே வளாகத்தில் பயிற்சி பெற்றார்கள். தோல் தைப்பவரை மருத்துவத்தின் பங்காளியாக அமர்த்திய இந்த ஏற்பாட்டை, அறுவைச் சாதனைகளுக்கு நிகராகவே நான் மதிக்கிறேன்.

1966இல் பிராண்ட் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கே அந்தப் பிளாஸ்டர் முறை நீரிழிவுக்காரரின் மரத்த கால்களுக்கும் பயன்பட்டது. நோய் வேறாயினும் உணர்ச்சியற்ற பாதம் ஒன்றுதானே! குஷ்டம் குறைந்து சர்க்கரை வியாதி பெருகிய நம் நாட்டுக்கு அந்த அறிவு திரும்பிவந்தபோது, 2003ஐ ஒட்டித் தொடங்கிய ‘ஸ்டெப் பை ஸ்டெப்’ என்னும் பாத சிகிச்சைப் பயிற்சித் திட்டம் ஒரு நிபந்தனை விதித்தது: டாக்டர் தனியாக வரலாகாது, தம்மோடு ஒரு நர்ஸையும் அழைத்துவரவேண்டும். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் உணர்ச்சியைச் சோதிப்பதையும், காய்ப்பைச் சீவி, செத்த தசையை நீக்குவதையும் இருவரும் சேர்ந்தே பழகினர். தத்தம் ஊருக்குச் சென்று ஓராண்டு காலம் கால்களைப் பார்த்த பின்னரே மேற்பயிற்சிக்கு அழைக்கப்பட்டனர். இன்றைய பயிலரங்குகளில் பன்றிக்காலில் கத்தி பிடித்துப் பழகும் நர்ஸுகளைக் காணலாம். சுச்ருதரின் பூசணிக்காய் இருந்த இடத்தில் இப்பொழுது அது இருக்கிறது.