ஒரு வாரக் கப்பலும் நான்கு மணி நேர விமானமும்

லகாட் ஈயவயல்களிலும் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களிலும் உழைத்த தமிழருக்கு, ஊருக்குப் போவதென்பது வாழ்நாளில் ஓரிரு முறைதான். பினாங்கில் 'ரஜூலா' ஏறினால் நாகப்பட்டினம் சேர ஏறக்குறைய ஒரு வாரம். அடுத்து ஓடிய 'எம்.வி. சிதம்பரம்' 1985 பிப்ரவரியில் தீப்பிடித்து உயிர்களைப் பலிகொண்டது. கப்பல் பயணமும் அத்தோடு முடிந்தது.

2008 டிசம்பரில் கோலாலம்பூர்–திருச்சி மலிவுக் கட்டண விமானம் வந்தது. நான்கு மணி நேரம்தான்! வெள்ளி இரவு ஈப்போவில் பஸ் ஏறுபவர் சனிக்கிழமை மலைக்கோட்டையில் நிற்கலாம். உச்சிப் பிள்ளையாரைக் கும்பிட்டு இறங்குகிறவர்களில் எத்தனை பேர், வழியில் 7ஆம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த குகைக்கோயிலுக்குள் எட்டிப் பார்க்கிறார்கள்? அவசரமெல்லாம் அடிவாரக் கடைவீதிக்கு. பட்டுச்சேலை, வெள்ளிக் கொலுசு, பித்தளை விளக்கு. நடுவில் வாழையிலைச் சாப்பாடு. தீபாவளி நெருங்கினால் பெட்டி இரண்டாகும். இதில் குற்றம் ஒன்றுமில்லை, உழைத்த காசு.

ஆனால் கப்பலேறிய தாத்தா கடைவீதிக்குப் போகவில்லை, பிறந்த கிராமத்துக்குப் போனார். அந்த ஊரின் பெயர் பேரனுக்குத் தெரியாது. அலமாரியில் கிடக்கும் பழைய கடப்பிதழைப் புரட்டினால் கிடைக்கலாம். பல குடும்பங்களுக்கு அது திருச்சியிலிருந்து இரண்டு மணி நேரப் பஸ் பயணம்தான்.