குஸ்வார்: ஆறுதல் என்று பொருள்படும் ஒரு பலகாரத் தட்டு

டிசம்பர் மாதத்தின் மூன்றாம் வாரம் வந்துவிட்டால் கோவாவின் கத்தோலிக்க வீடுகளில் அடுப்புக்கு ஓய்வில்லை. ஒருபுறம் தேங்காய் துருவப்படும். மறுபுறம் கடலைப்பருப்பு வேகும். கூடத்தில் பெண்கள் வட்டமாக அமர்ந்து, சுண்டுவிரல் பருமனுள்ள மாவுருண்டைகளைப் புதுச் சீப்பின் பற்களிலோ முள்கரண்டியின் முதுகிலோ அழுத்திச் சுருட்டிக்கொண்டிருப்பார்கள். குழந்தைகளுக்கும் அந்த வட்டத்தில் இடம் உண்டு. கிறிஸ்துமஸ் அன்று ஒவ்வொரு பலகாரத்திலும் சிறிது எடுத்துத் தட்டில் அடுக்கி, பின்னல் வேலை செய்த வெள்ளைத் துணியால் மூடி, அண்டை வீடுகளுக்கு அனுப்புவார்கள். அவற்றில் இந்துக்களின் வீடுகளும் இருக்கும். சவத் எனப்படும் விநாயகர் சதுர்த்திக்கும் தீபாவளிக்கும் அங்கிருந்து தட்டு திரும்பி வரும்.

இந்தத் தட்டுக்குப் போர்த்துகீசிய மொழியில் 'கொன்சுவாடா' என்று பெயர். கொங்கணி நாவில் அது 'குஸ்வாட்' என்றும் 'குஸ்வார்' என்றும் ஆயிற்று. ஒரு சொல் கடல் கடந்து வந்து, பொருள் மாறி, வேறொரு சமூகத்தின் வீட்டுக்குள் குடியேறிய கதை அது. அக்கதைக்குப் பின்னால் வன்முறை நிறைந்த ஒரு வரலாறும் இருக்கிறது.

சொல்லின் வேர்

போர்த்துகலில் கொன்சுவாடா என்பது கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் குடும்பத்தினர் கூடி உண்ணும் உணவு. நோன்பு நாள்களில் இரவில் எடுத்துக்கொள்ளும் எளிய சிற்றுணவையும் அச்சொல் குறித்தது. 'ஆறுதல் அளித்தல்' என்று பொருள்படும் இலத்தீன் வினைச்சொல்லே அதன் வேர். பகல் முழுவதும் பட்டினி கிடந்த உடலுக்கு இரவில் கிடைக்கும் ஆறுதல் என்பது அதன் தொடக்கப் பொருளாகலாம்.

கோவாவில் இப்பொருள் இடம்பெயர்ந்தது. ஒரு குடும்பம் தன் வீட்டுக்குள் அமர்ந்து உண்ணும் உணவைக் குறித்த சொல், வீட்டிலிருந்து வெளியே அனுப்பப்படும் பலகாரத்தைக் குறிக்கலாயிற்று. சொல்லைக் கடன் வாங்கிய சமூகம், தன்னிடம் முன்பே இருந்த ஒரு வழக்கத்திற்கு அதைச் சூட்டியது என்று கொள்வதே பொருத்தம். விழாவுக்குச் செய்ததை அண்டை வீட்டாருக்குக் கொடுத்தனுப்புவது இந்நிலத்தின் பழைய ஒழுக்கம். திருமணத்தின்போது மணமகள் வீட்டிலிருந்து வரும் இனிப்புகளை மணமகன் வீட்டார் ஊராருக்குப் பகிர்ந்தளிக்கும் 'ஓஜெம்' என்னும் வழக்கமும் கொங்கணிக் கத்தோலிக்கரிடம் உண்டு. ஓஜெம் என்றால் சுமை. அச்சொல் முழுக்கக் கொங்கணியே.

தடைகளின் பட்டியல்

1510இல் அபோன்சோ டி அல்புகெர்க் கோவாவைக் கைப்பற்றினார். மதமாற்றம் பரவலான பின், 1560இல் அங்கே சமய விசாரணை மன்றம் நிறுவப்பட்டது. 1774 முதல் 1778 வரையான சிறு இடைவெளியைத் தவிர, 1812 வரை அது நீடித்தது. புதிதாக மதம் மாறியோர் பழைய சமய வழக்கங்களுக்குத் திரும்பாமல் கண்காணிப்பது அதன் முக்கியப் பணிகளுள் ஒன்று.

கண்காணிப்பு மொழியையும் தொட்டது. தாமஸ் ஸ்டீபன்ஸ் என்னும் ஆங்கிலேய இயேசு சபைத் துறவி 1579இல் கோவாவுக்கு வந்து, உள்ளூர் மொழிகளைக் கற்று, 1616இல் மராத்தியில் 'கிறிஸ்த புராணம்' என்னும் காப்பியத்தை அச்சிட்டார். அவர் எழுதிய கொங்கணி இலக்கணம், அவர் மறைந்த பிறகு 1640இல் அச்சேறியது. அதன்பின் அரை நூற்றாண்டு கழிவதற்குள், 1684இல், போர்த்துகீசிய ஆளுநர் ஓர் ஆணை பிறப்பித்தார். மூன்று ஆண்டுகளுக்குள் உள்ளூர் மக்கள் தங்கள் தாய்மொழியைக் கைவிட்டுப் போர்த்துகீசிய மொழியில் பேச வேண்டும் என்றது அந்த ஆணை.

1736இல் விசாரணை மன்றம் வெளியிட்ட ஆணை அதைவிடவும் நுணுக்கமானது. வீட்டிலும் தோட்டத்திலும் துளசி வளர்க்கக் கூடாது. திருமண நிகழ்வுகளில் வெற்றிலை, பாக்கு, மலர் ஆகியவற்றைப் பரிமாறிக்கொள்ளக் கூடாது. இந்துக்களைப் போல உப்பிடாமல் சோறு வடித்துப் பின்னர் உப்புச் சேர்க்கும் வழக்கத்தையும் விட வேண்டும். உலையில் உப்பு எப்போது விழுகிறது என்பதுவரை ஒரு பேரரசின் கண் சென்றிருக்கிறது. அ. கா. பிரியோள்கர் 1961இல் வெளியிட்ட கோவா சமய விசாரணை பற்றிய நூலில் இந்த ஆணையை விரிவாகக் காணலாம்.

இந்த ஆவணத்தை இன்னொரு விதமாகவும் படிக்க வேண்டும். நடைமுறையில் இல்லாத ஒன்றை எந்த அரசும் தடை செய்ய மெனக்கெடுவதில்லை. கோவா வீழ்ந்து 226 ஆண்டுகள் கழிந்த பின்னும் சோறு பழைய முறையில் வெந்துகொண்டிருந்தது. வெற்றிலையும் பூவும் கைமாறிக்கொண்டிருந்தன. ஒடுக்குவதற்காக எழுதப்பட்ட பட்டியலே, ஒடுங்காமல் எஞ்சிய வழக்கங்களுக்குச் சான்றாக நிற்கிறது. தெருவில் பேசும் மொழியையும் முற்றத்துத் துளசியையும் அதிகாரியால் காண முடியும். அம்மிக்கும் அடுப்புக்கும் நடுவே ஒரு பெண்ணிடமிருந்து இன்னொரு பெண்ணுக்குச் செல்லும் அறிவு அவ்வளவு எளிதாக அவன் கண்ணில் படாது.

தட்டில் இருப்பவை

குஸ்வார் தட்டைக் கூர்ந்து நோக்கினால் ஒவ்வொரு பலகாரமும் ஓர் ஆவணமாகும்.

முதலில் நெவ்ரி. மைதா அல்லது ரவை மாவை வட்டமாகத் தேய்த்து, தேங்காய், எள், ஏலக்காய் சேர்ந்த பூரணத்தை உள்ளே வைத்து, அரைவட்டமாக மடித்து, ஓரத்தை முறுக்கிப் பொரிப்பது. தமிழர் இதைச் சோமாசி என்பர். மராத்தியர் கரஞ்சி என்பர். கோவா இந்துக்களின் வீட்டில் விநாயகர் சதுர்த்திக்குப் படைக்கப்படுவதும் இதே நெவ்ரிதான். பெயர், வடிவம், பூரணம் ஆகியவை ஏறக்குறைய அப்படியே இருக்க, விழா மட்டும் மாறியது.

அடுத்து 'தோஸ் தி க்ராவ்ன்'. பெயர் முழுக்கப் போர்த்துகீசியம். 'பருப்பு இனிப்பு' என்று பொருள். உள்ளே இருப்பவையோ கடலைப்பருப்பு, தேங்காய், சர்க்கரை, நெய். கோவாவின் இந்துச் சமையலறையில் புழங்காத பண்டம் எதுவும் அதில் இல்லை. பெயரும் பொருளும் எப்போதும் ஒன்றாகவே பயணம் செய்வதில்லை என்னும் மொழியியல் உண்மைக்கு இதைவிட எளிய சான்று தேவையில்லை.

'பெராட்' இதற்கு நேர்மாறான பாதையில் வந்தது. போர்த்துகலில் 'பெராடா' என்பது பேரிக்காயைச் சர்க்கரையுடன் கிளறிச் செய்யும் இனிப்பு. கோவாவில் பேரிக்காயின் இடத்தைக் கொய்யா பிடித்தது. கொங்கணியில் கொய்யாப்பழத்தின் பெயரே 'பேர்' ஆகிவிட்டது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துகீசியரின் கப்பல்கள் கொண்டுவந்த பழம் அது. தமிழின் 'கொய்யா' என்னும் சொல்லும் போர்த்துகீசிய 'கொய்யாபா'விலிருந்து வந்ததே.

'தோதொல்' கிழக்கிலிருந்து வந்தது. சொல் மலாய் மொழிக்குரியது. அரிசி மாவு, தேங்காய்ப்பால், பனைவெல்லம் மூன்றையும் கை ஓயாமல் மணிக்கணக்கில் கிண்டி, எண்ணெய் பிரியும்போது இறக்க வேண்டும். 1511இல் மலாக்காவும் அல்புகெர்க்கின் கைக்கு வந்தபின், கோவாவும் மலாக்காவும் ஒரே ஆட்சியின் இரு துறைமுகங்களாயின. தமிழ்நாட்டில் கீழக்கரை முஸ்லிம் வீடுகளின் புகழ்பெற்ற இனிப்பான தொதலும், இலங்கையின் தொதலும் இச்சொல்லின் உறவினரே. கோவாவில் கிறிஸ்துமஸுக்கும் கீழக்கரையில் பெருநாளுக்கும் ஒரே சொல் அடுப்பில் கொதிக்கிறது.

சீப்பில் சுருட்டும் பலகாரத்துக்குக் கொங்கணியில் 'கிட்யோ' என்று பெயர். புழுக்கள் என்று பொருள். சுருண்ட வடிவத்தைப் பார்த்து யாரோ சிரித்துக்கொண்டே இட்ட பெயராக இருக்க வேண்டும். பிற இடங்களில் அது குல்குல், கல்கல் என்று வழங்கும். பூ வடிவ இரும்பு அச்சில் வார்த்துப் பொரிப்பதை மங்களூரில் கொக்கிசம் என்பார்கள். தமிழகத்தில் அது அச்சு முறுக்கு, கேரளத்தில் அச்சப்பம், சிங்களப் புத்தாண்டில் கொக்கிஸ்.

எல்லாவற்றுக்கும் மேலாக பெபிங்கா. தேங்காய்ப்பால், முட்டை மஞ்சட்கரு, சர்க்கரை, மாவு, சாதிக்காய், நெய் ஆகியவற்றால் ஆன அடுக்குப் பணியாரம். ஓர் அடுக்கு வெந்து சிவந்த பின்னரே அடுத்ததை ஊற்ற வேண்டும். மரபான முறையில், மூடியின் மேல் தேங்காய் மட்டைக் கங்குகளைக் குவித்து மேலிருந்து வெப்பம் தருவார்கள். ஏழு அடுக்குகளுக்கு அரை நாள் ஓடிவிடும்.

தெற்கே சென்றவர்கள்

விசாரணை மன்றத்தின் கெடுபிடி, போர்கள், பஞ்சம் ஆகியவற்றால் கோவாவிலிருந்து கொங்கணிக் கத்தோலிக்கர் பலர் தெற்கே கனரா கடற்கரைக்குக் குடிபெயர்ந்தனர். அங்கும் அமைதி நிலைக்கவில்லை. 1784இல் திப்பு சுல்தான் அவர்களைச் சிறைப்பிடித்து ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கொண்டுசெல்லச் செய்தார். பல்லாயிரவர் மலையேறி நடந்தனர். வழியிலும் சிறையிலும் இறந்தோர் பலர். 1799இல் திப்பு வீழ்ந்த பின்னரே எஞ்சியோர் ஊர் திரும்பினர். அதற்குள் நிலங்கள் கைமாறியிருந்தன, தேவாலயங்கள் இடிக்கப்பட்டிருந்தன.

அந்த மங்களூர் வீடுகளில் இன்றும் கிறிஸ்துமஸ் பலகாரத்தின் பெயர் குஸ்வார்தான். செப்டம்பர் 8 அன்று வரும் மாதாவின் பிறந்தநாள் விழாவில், தேவாலயத்தில் மந்திரிக்கப்பட்ட புதுநெற்கதிரை வீட்டுக்குக் கொண்டுவந்து, சில மணிகளை உரித்துப் பாலிலோ பாயசத்திலோ கலந்து குடும்பத்தார் அனைவரும் உண்பர். மீனின்றி உணவில்லாத அவ்வீடுகளில் அன்றைக்கு மரக்கறி உணவு மட்டுமே. வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு அந்நெல்மணிகள் அஞ்சலில் செல்லும். புதிர் உண்ணும் இந்த வழக்கம் எந்தச் சமயத்துக்கும் முந்தைய உழவரின் வழக்கம். இரு அரசுகளின் ஒடுக்குமுறையைக் கண்ட ஒரு சமூகம் வீடுகளையும் நிலங்களையும் இழந்திருக்கிறது. அடுப்படியில் கற்றதை இழக்கவில்லை.

மறைக்கக் கூடாதவை

இந்த வரலாற்றை இனிப்பாக மட்டும் சொல்லி முடிப்பது நேர்மையாகாது. கோவாவில் மதம் மாறியவர்களுடன் சாதியும் மாறிச் சென்றது. தேவாலயச் சங்கங்களில்கூடச் சாதிவாரியான விலக்குகள் இருந்தன. அத்தகைய ஊரில் குஸ்வார் தட்டு எல்லா வாசல்களுக்கும் ஒரே மதிப்போடு சென்றது என்று கொள்வதற்கு இடமில்லை. தட்டைச் சுமந்த உழைப்பும் பெண்களுடையது. தேங்காய் துருவிய கையும், தோதொல் கிண்டிய தோளும், பெபிங்காவின் முன் அனல் குடித்த முகமும் எந்த ஆவணத்திலும் இல்லை. 1736ஆம் ஆண்டின் ஆணையை எழுதியோர் பெயர் பொறித்துக்கொண்டனர். அதை அடுக்களையில் பயனற்றதாக்கியவர்களின் பெயர்கள் எஞ்சவில்லை.

இன்று அந்த உழைப்பு குறைந்துவருகிறது. பிள்ளைகள் மும்பைக்கும் வளைகுடாவுக்கும் போர்த்துகலுக்கும் சென்றுவிட்டனர். பலகாரம் கடையில் பெட்டியாகக் கிடைக்கிறது. ஓய்வறியாத பெண்களுக்கு அது விடுதலையே. அதைக் குறைசொல்ல யாருக்கும் உரிமையில்லை. கோவாவின் பெபிங்காவுக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அக்குறியீடு பண்டத்துக்கும் நிலத்துக்கும் உள்ள உறவைக் காக்கும். வெள்ளைத் துணி மூடிய தட்டுடன் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டும் பழக்கத்தைக் காக்க எந்தக் குறியீடும் இல்லை.

உணவை வைத்து மனிதரைப் பிரிப்பது 1736உடன் முடிந்துபோன பழக்கமன்று. எந்தப் பண்டம் யாருடையது, எந்த விழாவில் எது இருக்கலாம் என்னும் கேள்விகள் இன்றும் உரத்த குரலில் எழுப்பப்படுகின்றன. நெவ்ரி இந்துவா, கிறிஸ்துவமா? தோதொல் மலாயா, கொங்கணியா, தமிழா? இக்கேள்விகளுக்குச் சமையலறை ஒருபோதும் விடை சொன்னதில்லை. அது பொரித்துத் தட்டில் அடுக்கி அனுப்பிவைத்தது.

துக்கம் நடந்த வீட்டில் அந்த ஆண்டு பலகாரம் செய்வதில்லை என்பது கோவாவிலும் மங்களூரிலும் வழக்கம். தமிழர் வீடுகளிலும் அப்படித்தான். அவ்வீட்டுப் பிள்ளைகள் பண்டிகையன்று வெறும் வாயோடு இருந்துவிடக் கூடாது என்று அண்டை வீட்டார் தட்டு அனுப்புவார்கள். கொன்சுவாடா என்ற இலத்தீன் வழிச் சொல்லின் வேர்ப்பொருள் அந்தத் தட்டை அனுப்புகிறவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆயினும் அதன் பொருளை அவர்கள் சரியாகவே கொண்டு சேர்க்கிறார்கள்.