டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ் (திரைப்படம்)

டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ் 1964 ஆம் ஆண்டு சனவரி 29 இல் வெளிவந்த ஆங்கில மொழி அவல நகைச்சுவைத் திரைப்படமாகும். இதன் முழுப்பெயர், கவலையை விட்டொழித்து அணுகுண்டை நேசிக்க ஒருவர் கற்றுக்கொண்டது எப்படி எனப் பொருள்படும் நீண்ட துணைத்தலைப்பைக் கொண்டது. ஸ்டான்லி குப்ரிக் இயக்கிய இக்கறுப்பு வெள்ளைப் படத்தைக் கொலம்பியா பிக்சர்சு நிறுவனம் வெளியிட்டது. பனிப்போர்க் காலத்தில், மனநிலை பிறழ்ந்த ஒரு படைத்தளபதியின் ஆணையால் அணு ஆயுதப் போர் மூளுவதையும், அதைத் தடுக்க முயலும் ஆட்சியாளர்களின் கையாலாகாத்தனத்தையும் இப்படம் எள்ளி நகையாடுகின்றது. மனித இனத்தின் அழிவை நகைச்சுவைக்கு உரிய பொருளாகக் கொள்ளலாமா என்ற வினா, இப்படம் வெளிவந்த நாள் முதல் விமர்சகர்களிடையேயும் இரசிகர்களிடையேயும் விவாதிக்கப்பட்டு வருகின்றது.

கதை

(எச்சரிக்கை: இப்பகுதியில் கதையின் முடிவு கூறப்பட்டுள்ளது.)

ஐக்கிய அமெரிக்க வான்படைத் தளமொன்றின் தலைவரான ஜெனரல் ஜாக் டி. ரிப்பர், குடிநீரில் புளோரைடு கலப்பது அமெரிக்கர்களின் உடல் தூய்மையைக் கெடுக்கும் பொதுவுடைமைச் சதி என்று நம்புகின்றார். அந்நம்பிக்கையின் பேரில், தன் பொறுப்பில் உள்ள பி-52 குண்டுவீச்சு விமானங்களைச் சோவியத் ஒன்றியத்தின் மீது அணுகுண்டு வீச அனுப்புகின்றார். தாக்குதலை நிறுத்தும் குறியீட்டுச் சொல் அவர் ஒருவருக்கே தெரியும். அங்கு பணிபுரியும் பிரித்தானிய அதிகாரி மாண்ட்ரேக் அதனை அவரிடமிருந்து பெற முயல்கின்றார்.

வாசிங்டனில் உள்ள போர் அறையில் சனாதிபதி மஃப்லி தன் ஆலோசகர்களைக் கூட்டுகின்றார். அங்கு அழைக்கப்பட்ட சோவியத் தூதுவர், தம் நாடு ஓர் ஊழி இயந்திரத்தை நிறுவியுள்ளதை வெளியிடுகின்றார். சோவியத் மண்ணில் அணுகுண்டு விழுந்தால் அவ்வியந்திரம் தானாக இயங்கி உலகின் உயிர்கள் அனைத்தையும் அழித்துவிடும். அதை எவராலும் நிறுத்த இயலாது. எதிரியை அச்சுறுத்துவதற்காக உருவாக்கிய இயந்திரத்தை மறைத்து வைத்ததால் பயன் என்ன என்று சனாதிபதியின் அறிவியல் ஆலோசகரும் முன்னாள் நாசியுமான டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ் வினவுகின்றார். இயந்திரம் பற்றிய அறிவிப்பு சில நாட்களில் வெளிவர இருந்தது என்பதே தூதுவரின் பதில்.

மாண்ட்ரேக் கண்டறிந்த குறியீட்டுச் சொல்லால் விமானங்கள் திரும்ப அழைக்கப்படுகின்றன. எனினும் வானொலிக் கருவி பழுதுபட்ட ஒரு விமானம் மட்டும் தொடர்ந்து முன்னேறுகின்றது. அதன் தலைவர் மேஜர் காங், சிக்கிக்கொண்ட குண்டை விடுவித்து, குதிரை மீது அமர்வது போல அதன் மீது அமர்ந்தபடியே விழுகின்றார். போர் அறையில் இருப்போர் சுரங்கங்களில் ஒளிந்து வாழ்வது குறித்தும், அவ்விடயத்தில் சோவியத் முந்திவிடக்கூடாது என்பது குறித்தும் பேசிக்கொண்டிருக்கையில் உலகம் அழிகின்றது.

நடிகர்கள்

- பீட்டர் செல்லர்சு: மாண்ட்ரேக், சனாதிபதி மஃப்லி, டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ் ஆகிய மூன்று வேடங்கள்
- ஜார்ஜ் சி. ஸ்காட்: ஜெனரல் பக் டர்ஜிட்சன்
- ஸ்டெர்லிங் ஹேடன்: ஜெனரல் ரிப்பர்
- ஸ்லிம் பிக்கன்சு: மேஜர் காங்
- பீட்டர் புல்: சோவியத் தூதுவர்
- ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ்: விமானக் குழுவினருள் ஒருவர் (இவரது முதல் திரைப்படம்)

உருவாக்கம்

பிரித்தானிய வான்படையில் பணியாற்றிய பீட்டர் ஜார்ஜ் எழுதி 1958 இல் வெளிவந்த புதினம் ஒன்றைத் தழுவியது இத்திரைக்கதை. அப்புதினத்தில் நகைச்சுவை ஏதுமில்லை, உலகமும் அழிவதில்லை. குப்ரிக்கும் முதலில் அதனை ஒரு தீவிர நாடகமாகவே எழுதத் தொடங்கினார். ஆனால் காட்சிகளை நடைமுறைக்கு ஏற்ப விரிவாக்க முற்பட்டபோது, நகைப்புக்கு இடமளிக்கும் எனத் தாம் நீக்க விரும்பிய செய்திகளே உண்மைக்கு மிக அருகில் இருப்பதை உணர்ந்தார். இதன் பின்னரே கதை அங்கதமாக மாற்றப்பட்டு, எழுத்தாளர் டெர்ரி சதர்ன் திரைக்கதைப் பணியில் சேர்த்துக்கொள்ளப்பட்டார்.

படப்பிடிப்பு இங்கிலாந்தின் செப்பர்டன் படப்பிடிப்பு நிலையத்தில் நடைபெற்றது. பெரிய வட்ட மேசையும் அதன் மேல் தொங்கும் விளக்கு வளையமும் கொண்ட போர் அறையைக் கென் ஆடம் வடிவமைத்தார். மேஜர் காங் வேடத்தையும் செல்லர்சே ஏற்பதாக இருந்தது. அவர் காயமுற்றதால் அது பிக்கன்சுக்குச் சென்றது. போர் அறையில் அனைவரும் கிரீம் பணியாரங்களை ஒருவர் மீது ஒருவர் எறிந்து சண்டையிடுவதாக ஒரு முடிவு படமாக்கப்பட்டது. அது வெறும் கூத்தாக உள்ளது, படத்தின் அங்கதத் தொனிக்குப் பொருந்தவில்லை எனக் கருதிக் குப்ரிக் அதனை நீக்கிவிட்டார்.

விமர்சகர்களின் கருத்துகள்

கியூபா ஏவுகணை நெருக்கடி (1962 அக்டோபர்) முடிந்து பதினைந்து மாதங்களே ஆகியிருந்த நிலையில் படம் வெளிவந்தது. நியூயார்க் டைம்சு நாளிதழின் விமர்சகர் பாஸ்லி குரோதர், படத்தின் திறமையை ஒப்புக்கொண்டபோதும், நாட்டின் பாதுகாப்பு அமைப்பு முழுவதையும் அது இழிவாகச் சித்திரிப்பது தமக்குக் கலக்கம் தருவதாக எழுதினார். நகர வரலாற்றறிஞரான லூயிசு மம்ஃபோர்டு அந்நாளிதழுக்கு எழுதிய கடிதத்தில் இதனை மறுத்தார். நோயுற்றிருப்பது படமன்று, மக்கள் விவாதிக்காமலேயே ஏற்றுக்கொண்ட அணு அழிவுக் கொள்கையே என்பது அவரது வாதம்.

விமர்சகர் பாலின் கேல் வேறொரு குறையைச் சுட்டினார். படம் பைத்தியக்காரத்தனத்தைக் கண்டு சிரிக்கின்றதேயன்றி, தெளிவுக்குத் திரும்பும் வழி எதையும் காட்டவில்லை என்றார்.

இரசிகர்களிடையே கருத்து வேறுபாடுகள்

கேல் எழுப்பிய வினாவே இரசிகர்களையும் பிரிக்கின்றது. சிரித்து முடிப்பதோடு பார்வையாளரின் அச்சமும் கரைந்துவிடுகின்றது என்பது ஒரு சாரார் கருத்து. நேரடியாகக் கூறினால் எவரும் காண விரும்பாத ஒன்றை நகைச்சுவையே காண வைக்கின்றது என்பது மறுசாரார் கருத்து. இவ்விரு கருத்துகளையும் ஒப்பிட, அதே ஆண்டு அக்டோபரில் வெளியான "ஃபெயில் சேஃப்" என்ற படம் உதவும். சிட்னி லூமெட் இயக்கிய அப்படம் ஏறத்தாழ இதே கதையைச் சிறிதும் நகைச்சுவையின்றிக் கூறுகின்றது. அது விமர்சகர்களிடம் பாராட்டுப் பெற்றும் வசூலில் தோல்வியடைந்தது. எனினும், உள்ளத்தில் நீண்டநாள் தங்குவது அதுவே என்று கூறும் இரசிகர்களும் உள்ளனர்.

செல்லர்சின் மூன்று வேடங்களில் சிறந்தது எது என்பதிலும் ஒருமித்த கருத்து இல்லை. தலைப்புக்குரிய டாக்டரின் அடங்காத வலக்கை பலருக்கும் நினைவில் நிற்பது. ஆனால் சோவியத் தலைவருக்குத் தொலைபேசியில் நிலைமையை விளக்கும் சனாதிபதியின் காட்சியையே பலர் மேலாகக் கருதுகின்றனர். மறுமுனையில் பேசுபவரின் குரல் கேட்பதில்லை. பேரழிவுச் செய்தியைச் சொல்லும் ஒருவர், நண்பரின் மனம் புண்படாமல் பார்த்துக்கொள்ளும் பணிவிலேயே குறியாக இருப்பது நகைப்பையும் நடுக்கத்தையும் ஒருங்கே தருகின்றது.

படமும் உண்மை நிலையும்

இத்தகைய நிகழ்வு நேராதவாறு தடுக்கும் பாதுகாப்பு ஏற்பாடுகள் தம்மிடம் உள்ளன என்ற அமெரிக்க வான்படையின் நிலைப்பாடு, படத்தின் தொடக்கத்தில் எழுத்து வடிவில் காட்டப்படுகின்றது. எனவே, ஒரு தளபதி தாமாகவே அணு ஆயுதப் போரைத் தொடங்குவது வெறும் கற்பனையே எனப் பலர் கருதினர்.

பிற்காலத்தில் வெளியான ஆவணங்கள் இதற்கு மாறாக உள்ளன. சனாதிபதியைத் தொடர்புகொள்ள இயலாத நெருக்கடியில் அணு ஆயுதங்களைப் பயன்படுத்தும் அதிகாரத்தை, ஐசனாவர் தம் ஆட்சிக்காலத்தில் சில படைத்தலைவர்களுக்கு முன்கூட்டியே வழங்கியிருந்தார். அனுமதியற்ற பயன்பாட்டைத் தடுக்கும் பூட்டுக் கருவிகளைப் பொருத்த கென்னடி 1962 இல் ஆணையிட்டார். ஆயினும் அவை முதலில் ஐரோப்பாவில் இருந்த ஆயுதங்களுக்கே பொருத்தப்பட்டன. நெடுந்தொலைவுக் குண்டுவீச்சு விமானங்களுக்கு வந்து சேர மேலும் பல ஆண்டுகள் ஆயின. அந்நாளில் அணு ஆயுதத் திட்டங்களை ஆராய்ந்த டானியல் எல்சுபர்க், 1964 இல் இப்படத்தைக் கண்டபோது தமக்கும் உடன் வந்தவருக்கும் அது ஓர் ஆவணப்படமாகவே தோன்றியதாக 2017 இல் வெளிவந்த தம் நூலில் எழுதியுள்ளார்.

ஊழி இயந்திரமும் முற்றிலும் கற்பனையாக நிற்கவில்லை. நாட்டின் தலைமை அழிக்கப்பட்டாலும் பதிலடி ஏவுகணைகள் பாய்வதை உறுதிசெய்யும் "பெரிமீட்டர்" என்ற அமைப்பைச் சோவியத் ஒன்றியம் 1980களின் நடுப்பகுதியில் பயன்பாட்டுக்குக் கொண்டு வந்தது. படத்தில் வருவது போல அது முழுதும் தானியங்கியன்று. நிலவறையில் உள்ள அதிகாரிகளுக்கும் அதில் பங்குண்டு. ஆனால் படத்தில் வருவது போலவே அதுவும் வெளியுலகுக்கு அறிவிக்கப்படாமல் மறைத்து வைக்கப்பட்டது. ஸ்ட்ரேஞ்ச்லவ் எழுப்பிய வினா அதற்கும் பொருந்துவது குறிப்பிடத்தக்கது.

விருதுகள்

சிறந்த படம், இயக்குநர், நடிகர், தழுவல் திரைக்கதை ஆகிய நான்கு பிரிவுகளில் அகாதமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டபோதும் இப்படம் எதையும் வெல்லவில்லை. சிறந்த படத்துக்கான பிரித்தானிய அகாதமி விருது இதற்குக் கிடைத்தது. 1989 இல் ஐக்கிய அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டுக்கு முதன்முதலாகத் தெரிவான 25 படங்களுள் இதுவும் ஒன்று. அமெரிக்கத் திரைப்பட நிறுவனம் 2000 இல் வெளியிட்ட 100 நகைச்சுவைப் படங்களின் பட்டியலில் மூன்றாம் இடம் பெற்றது.

துணுக்குகள்

- படத்தின் முன்னோட்டக் காட்சி 1963 நவம்பர் 22 அன்று நடைபெறுவதாக இருந்தது. அன்றுதான் கென்னடி டாலசு நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். காட்சி நிறுத்தப்பட்டு, வெளியீடும் தள்ளிவைக்கப்பட்டது. டாலசு நகரைக் குறிப்பிடும் ஒரு வசனம் வேகசு என மாற்றிப் பதிவு செய்யப்பட்டது.
- படத்தில் தோன்றும் ஒரே பெண் நடிகர் டிரேசி ரீட் ஆவார்.
- 2024 இல் இப்படம் இலண்டனில் மேடை நாடகமாக்கப்பட்டது. அதில் ஸ்டீவ் கூகன் நான்கு வேடங்களை ஏற்றார். செல்லர்சு ஏற்க இயலாமற் போன மேஜர் காங் வேடமும் அவற்றுள் ஒன்று.