கோபுரம் தெரியாத வீடுகள்: நேர்பார்வை தேவைப்படாத அகலக்கற்றையின் வளர்ச்சி

2001 அக்டோபரில், சில நாட்கள் இடைவெளியில், அமெரிக்காவின் இரண்டு பெரிய தொலைத்தொடர்பு நிறுவனங்கள் வீடுகளுக்கான கம்பியில்லா இணையத்திலிருந்து பின்வாங்கின. டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த்தில் முந்தைய ஆண்டு தொடங்கிய சேவையை ஏடி அண்ட் டி வயர்லெஸ் கைவிட்டது. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதி, ஹூஸ்டன் உள்ளிட்ட நகரங்களில் இயங்கிய தன் சேவைக்குப் புதிய சந்தாதாரர்களைச் சேர்ப்பதை ஸ்பிரின்ட் நிறுத்தியது. டாட்காம் சரிவின் ஓர் அத்தியாயமாகவே இதைப் பலரும் எழுதுகிறார்கள். ஏடி அண்ட் டி விஷயத்தில் அது பெரும்பாலும் சரி. அங்கே முதலீடுதான் சிக்கல். ஸ்பிரின்ட் விஷயத்தில் போதாது. அதன் சிக்கல் கூரையின்மேல் இருந்தது.

ஸ்பிரின்ட் பயன்படுத்திய 2.5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை, கம்பியில்லாக் கேபிள் தொலைக்காட்சிக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. தொலைக்காட்சிக்குப் போட்ட அமைப்பையே இணையத்துக்கும் எடுத்துக்கொண்டார்கள்: உயரமான ஒற்றைக் கோபுரம், ஐம்பது கிலோமீட்டரைத் தாண்டும் எல்லை, ஒவ்வொரு கூரையிலும் கோபுரத்தைப் பார்த்தபடி ஓர் ஆன்டெனா. பக்கத்து வீட்டு மரம் மறைத்தால் இணைப்பு இல்லை. பணியாளர் ஏணி வைத்து ஏறிப் பார்த்த பிறகுதான் அது தெரியவரும். அதே காலத்தில் சென்னை ஐஐடியில் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் உருவாக்கிய கார்டெக்ட் அமைப்புக்கும் நேர்பார்வை தேவைதான். ஆனால் ஊருக்கு ஒன்றிரண்டு இணைப்பு என்றால் கம்பம் நட்டுச் சமாளிக்கலாம். அடர்ந்த புறநகரில் ஆயிரக்கணக்கான வீடுகளுக்குக் கம்பம் நட முடியாது.

இதற்கான விடை முதலில் ஒரு கருவியாக வரவில்லை, அளவீடாக வந்தது என்பதே என் வாதம். 1999இல் நியூ ஜெர்சியின் ஏடி அண்ட் டி ஆய்வகத்தைச் சேர்ந்த வின்கோ எர்செக், லாரி கிரீன்ஸ்டீன் குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். நியூ ஜெர்சி, சியாட்டில், சிகாகோ, அட்லாண்டா, டல்லாஸ் புறநகர்களில் 95 செல்களில் 1.9 கிகாஹெர்ட்ஸில் எடுத்த அளவுகள் அதற்கு அடிப்படை. நிலத்தை மூன்று வகையாகப் பிரித்தார்கள்: மரம் அடர்ந்த குன்றுப் பகுதி, இடைநிலை, மரம் குறைந்த சமவெளி. வெட்டவெளியில் தூரம் இரட்டித்தால் கிடைக்கும் ஆற்றல் கால் பங்காகும். அவர்களுடைய வாய்ப்பாட்டில் 30 மீட்டர் உயரக் கோபுரத்தைப் போட்டுப் பார்த்தால், சமவெளியில் அது பதினேழில் ஒரு பங்காகிறது. குன்றும் மரமும் சேர்ந்த நிலத்தில் இருபத்தெட்டில் ஒரு பங்கு. ஐம்பது கிலோமீட்டர் கனவு ஏன் பலிக்காது என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடும்.

வீட்டுக்கே உரிய இன்னொரு தொல்லையும் உண்டு. பல பாதைகளில் சிதறி வரும் அலைகள் சில புள்ளிகளில் ஒன்றையொன்று அழித்துவிடும். செல்போனோடு நடப்பவர் ஓரடி தள்ளிப் போனால் அந்தப் புள்ளியைக் கடந்துவிடுவார். வீடு நகராது, அதன் ஆன்டெனா அந்தப் புள்ளியில் மாட்டிக்கொண்டால் மாட்டிக்கொண்டதுதான். காற்றில் இலை அசையும்போது மட்டும் நிலைமை மெல்ல மாறும். கூர்மையான திசை ஆன்டெனா போட்டாலும் முழுப் பலன் இல்லை. சிதறல் மிகுந்த இடத்தில் அலை எல்லாப் பக்கமிருந்தும் வருவதால், ஆன்டெனாவின் பெருக்கத்தில் ஒரு பகுதி வீணாகிறது. இதை அதே குழுவினர் நியூ ஜெர்சியில் அளந்தார்கள்.

பல்பாதையைத் தொல்லையாகப் பார்த்த காலம் முடிவதற்கு முக்கியக் காரணமானவர்களில் ஒருவர் பொள்ளாச்சியில் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ். இந்தியக் கடற்படையில் சோனார் உருவாக்கியவர். 1991இல் ஓய்வு பெற்று ஸ்டான்ஃபோர்டு சென்றார். பல ஆன்டெனாக்கள் ஒரே அலைவரிசையில் வெவ்வேறு தகவலை அனுப்பினாலும், பாதைகள் வேறுபடுவதால் மறுமுனையில் பிரித்தெடுக்கலாம் என்ற கருத்துக்கு அங்குள்ள பேராசிரியர் தாமஸ் கைலத்துடன் 1992இல் காப்புரிமை கோரினார். 1994இல் அது கிடைத்தது. கடலுக்கடியில் ஒலி பல வழிகளில் வந்து சேர்வதைப் பல உணரிகளால் பிரித்தறிந்த அனுபவம் அவருக்கு இங்கே கைகொடுத்திருக்கும் என்றே நான் கருதுகிறேன். நியூ ஜெர்சியின் பெல் ஆய்வகத்தில் ஜெரார்டு ஃபோஷினி 1996இல் இதற்கான கட்டமைப்பை வெளியிட்டார். அங்கே 1998இல் 8 ஆன்டெனா அனுப்ப, 12 ஆன்டெனா வாங்க, கட்டடத்துக்குள் நடந்த சோதனையில் ஒரு ஹெர்ட்ஸுக்கு நொடிக்கு 20 முதல் 40 பிட் வரை எட்டினார்கள்.

அளவீடும் ஆன்டெனாக் கோட்பாடும் சந்தித்த இடம் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதி. 1998இல் பால்ராஜ் தொடங்கிய ஐயோஸ்பேன் நிறுவனத்தில் எர்செக்கும் சேர்ந்தார். இவர்களோடு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் கே.வி.எஸ். ஹரி உள்ளிட்டோர் 2001இல் கம்பியில்லா அகலக்கற்றைக்குத் தரம் வகுக்கும் ஐஇஇஇ 802.16 குழுவிடம் அளித்த அலைத்தட மாதிரிகள் ஆறு. பத்து கிலோமீட்டருக்குக் குறைவான செல், கூரையிலோ இறவாரத்திலோ ஜன்னலிலோ மாட்டும் ஆன்டெனா என்று அவை தொடங்குகின்றன. ஜன்னல் என்ற ஒரு சொல்லிலேயே ஏணி தேவையற்றுப் போகிறது. மிகக் கடினமான மாதிரியில் கடைசி எதிரொலி 20 மைக்ரோநொடி தாமதமாக வருகிறது. அதாவது அந்த அலை ஆறு கிலோமீட்டர் கூடுதலாகச் சுற்றி வந்திருக்கிறது. அதைத் தாங்க, தகவலை நூற்றுக்கணக்கான மெதுவான துணை அலைகளில் பிரித்து, ஒவ்வொரு குறியீட்டுக்கும் முன்னே எதிரொலி அடங்கும் அளவுக்கு இடைவெளி விட்டார்கள். ஐயோஸ்பேனின் ஏர்பர்ஸ்ட் கருவி இந்த முறையையும் பல ஆன்டெனா முறையையும் இணைத்தது.

டெக்சாஸ் வேறு வழியில் போனது. ரிச்சர்ட்சனில் 2000இல் குவாங்ஹான் ஷூ நிறுவிய நவினி நெட்வொர்க்ஸ், கோபுரத்தில் எட்டு ஆன்டெனாக்களை வைத்து, ஒவ்வொரு வாடிக்கையாளரை நோக்கியும் கற்றையைத் திருப்பியது. வீட்டுப் பெட்டியை மேசைமேல் வைத்து மின்சாரம் கொடுத்தால் போதும். 2007இல் சிஸ்கோ 33 கோடி டாலருக்கு அதை வாங்கியது. 2010இல் வைமேக்ஸ் (802.16 தரத்தின் வணிகப் பெயர்) கோபுரக் கருவித் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. ஐயோஸ்பேனின் தொழில்நுட்பம் 2003இல் இன்டெலிடம் போனது. நிறுவனங்கள் மறைந்தாலும் முறைகள் 802.16, எல்டிஇ, 5ஜி தரங்களில் நிலைத்தன. ஸ்பிரின்டை 2020இல் இணைத்துக்கொண்ட டி-மொபைல், அதே 2.5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையையும் சேர்த்து, 2021இல் வீட்டு இணையச் சேவையை நாடெங்கும் விற்கத் தொடங்கியது. பெட்டியை வாடிக்கையாளரே ஜன்னலோரம் வைத்துக்கொள்கிறார்.

இந்த வரலாற்றில் காப்புரிமைகள் பெற்ற கவனத்தை அளவீடுகள் பெறவில்லை. நம் ஊருக்கு அது பெரிய இழப்பு. 2023 செப்டம்பரில் ஜியோ ஏர்ஃபைபர் சென்னை உள்ளிட்ட எட்டு நகரங்களில் அறிமுகமான பிறகு, வீட்டுக்கான கம்பியில்லா இணையம் தமிழ்நாட்டிலும் அன்றாடப் பேச்சாகிவிட்டது. ஆனால் எர்செக் குழுவின் வாய்ப்பாட்டிலுள்ள அமெரிக்கப் புறநகர் மாறிலிகளை அப்படியே இங்கே போட்டுக் கணக்கிடுவது தவறு. அந்த வீடுகள் பெரும்பாலும் மரச்சட்டத்தில் கட்டியவை. நம்முடையவை செங்கலும் கான்கிரீட்டும். நியூ ஜெர்சியின் மேப்பிள் குளிர்காலத்தில் இலையுதிர்க்கும்; பொள்ளாச்சித் தென்னந்தோப்புக்கு அந்தப் பருவமே கிடையாது. தோப்புக்கு ஒரு வகை, மொட்டை மாடிகள் நெருங்கிய தெருவுக்கு ஒரு வகை, மலையடிவாரத்துக்கு ஒரு வகை என்று நிலத்தைப் பிரித்து, ஆன்டெனாவை ஜன்னல் உயரத்தில் வைத்து, மழைக்காலத்திலும் கோடையிலும் தனித்தனியே அளந்து, அந்த மாறிலிகளை நம் பொறியியல் கல்லூரிகள் புதிதாகக் கணக்கிட வேண்டும்.