தாடை எலும்பு ஒன்றா, இரண்டா?



போன மாதம் ஸுபஹுக்கு வுழூ செய்யும்போது ஒரு நானாவுக்கு வாயில் எடுத்த தண்ணீர் ஒரு பக்கத்தால் வழிந்தது. கண்ணும் மூடுதில்லை. "காத்துப் பட்டிட்டுது, ஓதிப் பாருங்கோ" என்றார்கள் சிலர். நல்லகாலம், மகன் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அதுதான் இதை எழுத வைத்தது.

மண்டையோட்டிலிருந்து 12 சோடி நரம்புகள் வெளியே வருகின்றன. ஏழாவது முகநரம்பு. காதுக்குப் பின்னால் எலும்பிலுள்ள ஒடுங்கிய வழியால் வந்து, கன்னத்தில் ஐந்து கிளையாகப் பிரிந்து, சிரிக்கவும் கண் மூடவும் வைக்கும் தசைகளை இயக்குகிறது. அந்த ஒடுங்கிய வழிக்குள் நரம்பு வீங்கினால் நெருக்குப்பட்டு, முகத்தின் ஒரு பக்கம் சோர்ந்துவிடும். 19ஆம் நூற்றாண்டில் இந்த நரம்பை ஆராய்ந்த சார்ள்ஸ் பெல்லின் பெயரால் இதை பெல் வாதம் என்கிறார்கள்.

இந்த அறிவு ஒரு நாளில் வந்ததல்ல. கீழ்த்தாடை இரண்டு எலும்பு என்று கிரேக்க வைத்தியர் கேலன் எழுதியதைப் பல நூற்றாண்டுகளாக எல்லாரும் நம்பினார்கள். 1200ஐ அண்டி எகிப்தில் பெரும் பஞ்சம். அங்கிருந்த அப்துல் லத்தீஃப் அல்பக்தாதி, இறந்தவர்களின் 2000க்கு மேற்பட்ட மண்டையோடுகளைப் பார்த்தார். தாடை ஒரே எலும்புதான், பொருத்தே இல்லை என்று எழுதினார். கேலனை மதித்தவர்தான், ஆனாலும் கண்ணால் கண்டதை மறைக்கவில்லை.

எங்கள் யாழ்ப்பாணத்துக்கும் இதில் பங்குண்டு. 1847இல் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் வைத்தியம் படிப்பித்தார். 1860களில் தமிழிலேயே படிப்பிக்கத் தொடங்கினார். லண்டனில் 1858இல் வந்த கிரேயின் உடற்கூற்று நூல், 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்று தமிழில் வந்தது. அவருடைய மாணவர்களும் இந்த மொழிபெயர்ப்பு வேலைகளில் உழைத்தார்கள். எலும்பு, நரம்பு, தசை ஒவ்வொன்றுக்கும் சொல் தேடினார்கள். தமிழில் விஞ்ஞானம் முடியாது என்பவர்களுக்கு 150 வருடத்துக்கு முந்திய பதில் அது.

பக்தாதி முஸ்லிம், கிறீன் கிறிஸ்தவர், கேலன் இரண்டுமில்லை. அறிவு யாரிடமிருந்து வந்தாலும் எடுத்துக்கொள்வதுதான் எங்கள் வழமை. 1990 ஒக்டோபரில் வீடுவாசலை விட்டுப் போனபோதும் தமிழை விடவில்லை. புத்தளத்திலும் தமிழில்தான் படித்தோம். அந்தத் தமிழில்தான் இதையும் சொல்கிறேன்.

முகம் ஒரு பக்கம் கோணினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பாரிசவாதமாகவும் இருக்கலாம், அதை வைத்தியர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். பெல் வாதம் என்றால் மூன்று நாளுக்குள் குளிசை தொடங்குவது நல்லது. மூடாத கண் காயாமல் பார்க்க வேண்டும். துஆவும் கேளுங்கள், மருந்தும் எடுங்கள்.

நானா இப்போது இரண்டு பக்கமும் சிரிக்கிறார், அல்ஹம்துலில்லாஹ்.