ஹார்டி கிராஸ்

ஹார்டி கிராஸ் (1885 – 1959) அமெரிக்கக் கட்டமைப்புப் பொறியாளர், பல்கலைக்கழகப் பேராசிரியர். தொடர் உத்திரங்களையும் பல மாடிச் சட்டகங்களையும் கையாலேயே கணக்கிட உதவும் 'திருப்புத்திறன் பகிர்வு முறை'யை உருவாக்கியவர்.

வர்ஜீனியா மாநிலத்தில் பிறந்த கிராஸ், ஹாம்ப்டன்-சிட்னி கல்லூரியில் பட்டம் பெற்றபின் நார்ஃபோக் நகரிலுள்ள ஒரு பள்ளியில் ஆங்கிலமும் கணிதமும் கற்பித்தார். பொறியாளர் ஆவதற்கு முன்பே ஆசிரியர் ஆகிவிட்டவர் அவர். 1908இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் குடிசார் பொறியியல் பட்டமும், 1911இல் ஹார்வர்டில் முதுநிலைப் பட்டமும் பெற்றார். இடையில் ஒரு ரயில்வே நிறுவனத்தின் பாலப் பிரிவில் சிறிது காலம் பணியாற்றினார். பிரௌன் பல்கலைக்கழகத்தில் கற்பித்தபின், 1921இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

அக்காலத்தில் கம்பி கட்டிய காங்கிரீட் கட்டடங்கள் பெருகி வந்தன. இவற்றில் தூணும் உத்திரமும் ஒன்றாக வார்க்கப்படுவதால், ஓரிடத்தில் ஏற்றும் பாரம் சட்டகம் முழுவதையும் வளைக்கப் பார்க்கும். எந்த உறுப்பில் எவ்வளவு வளைவு என்பதைச் சமநிலை விதிகளால் மட்டும் கண்டுபிடிக்க முடியாது. பல சமன்பாடுகளை ஒருசேரத் தீர்க்க வேண்டும். நான்கைந்து மாடிக் கட்டடத்திற்கே சமன்பாடுகள் பத்துகளில் வந்துவிடும். கணினி இல்லாத நாளில் அது நாள்கணக்கில் இழுக்கும் வேலை. ஓரிடத்தில் கூட்டல் பிசகினால் எல்லாம் வீண்.

கிராஸின் வழி எளியது. முதலில் எல்லா மூட்டுகளும் திரும்பாதபடி பூட்டப்பட்டுள்ளன என்று கொள்ள வேண்டும். பிறகு ஒரு மூட்டை மட்டும் விடுவிக்க வேண்டும். அங்கே சமன்படாமல் நிற்கும் திருப்புத்திறனை, அங்கு கூடும் உறுப்புகள் தத்தம் விறைப்புக்கு ஏற்பப் பங்கிட்டுக்கொள்ளும். மீதி 100 அலகு, இரு உத்திரங்களின் விறைப்பு 3:2 என்றால் பங்கு 60, 40. சீரான உத்திரமாயின் ஒவ்வொரு பங்கிலும் பாதி, அதாவது 30, 20, மறுமுனைக்குச் செல்லும். அந்த மூட்டைப் பூட்டிவிட்டு அடுத்ததை விடுவிக்க வேண்டும். சுற்றுக்குச் சுற்று எண்கள் சிறுத்துக்கொண்டே வரும், போதும் என்று தோன்றும்போது நிறுத்திக்கொள்ளலாம். கூட்டல், பெருக்கல் தெரிந்தால் போதும். அதைவிட முக்கியமானது, ஒவ்வொரு படியிலும் கட்டடம் என்ன செய்கிறது என்பது கணக்கிடுபவரின் கண்ணுக்குத் தெரியும். சமன்பாடுகளில் இது கிடைப்பதில்லை.

கிராஸ் அதிகம் எழுதியவர் அல்லர். இம்முறையை விளக்கி 1930 மே மாதம் அமெரிக்கக் குடிசார் பொறியாளர் சங்க இதழில் அவர் வெளியிட்ட கட்டுரை பத்தே பக்கம். 1932இல் அது சங்கத் தொகுப்பில் மறுபடியும் அச்சானபோது, பிற பொறியாளர்களின் கருத்துரைகள் நூறு பக்கங்களுக்கு மேல் நீண்டன. சங்கத்தின் நார்மன் பதக்கம் அவருக்குக் கிடைத்தது.

காது சற்று மந்தமான கிராஸ், வகுப்பில் கண்டிப்பானவர். ஏற்றப்படும் பாரமே தோராயமாகத்தான் தெரியும்போது, விடையைப் பல தசம இடங்களுக்குத் துரத்துவது அறியாமை என்பது அவர் கொள்கை. நிலநடுக்கப் பொறியியலில் பின்னாளில் பெயர்பெற்ற நேதன் நியூமார்க் அவரிடம் பயின்றவர்களுள் ஒருவர்.

1936இல், படிப்படியாகத் திருத்தும் அதே உத்தியை நகரக் குடிநீர்க் குழாய் வலைகளுக்கும் பொருத்திக் காட்டினார். குடிநீர்ப் பொறியாளர்கள் அவரை அறிந்திருப்பது பெரும்பாலும் இதன் மூலமே. 1937இல் யேல் பல்கலைக்கழகத்தில் குடிசார் பொறியியல் துறைத் தலைவராகி, 1951இல் ஓய்வு பெற்றார்.

1960களுக்குப் பின் கணினி இக்கணக்கைப் பொறியாளர் கையிலிருந்து வாங்கிக்கொண்டது. ஆயினும் தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளின் கட்டமைப்புப் பகுப்பாய்வுப் பாடத்தில் இம்முறை நெடுங்காலமாக இடம்பெற்று வருகிறது. கணினி தரும் விடை நம்பத்தக்கதா என்று ஒரு தாளில் சரிபார்த்துக்கொள்ளவும் அது பயன்படுகிறது.