லாரன்ஸ், சகோதரர் (சு. 1614 – 1691)

பாரிஸ் நகரக் கார்மேல் மடத்தின் சமையற்காரத் துறவி. இயற்பெயர் நிக்கோலா எர்மான். பிறந்தது லொரேன் பகுதியில். போர்வீரராக இருந்து காலில் காயம்பட்டு நொண்டியானார். 1640இல் மடத்தில் சேர்ந்தார். குருப்பட்டம் பெறாததால் வேலைக்காரச் சகோதரராகவே கடைசிவரை இருந்தார்.

சமையல் அவருக்கு இயல்பிலேயே பிடிக்காத வேலை. ஆனாலும் ஏறத்தாழ 15 ஆண்டுகள் அடுப்படியில் நின்றார். பிறகு செருப்புத் தைத்தார். மடத்துக்குத் திராட்சை மது வாங்கப் படகில் போனபோது, நடக்க முடியாமல் பீப்பாய்கள்மேல் உருண்டு நகர்ந்தாராம்.

தொடக்கத்தில் அவர் மீட்பு என்னும் பேரிலக்கைத் துரத்தியவர். தனக்கு அது கிட்டாதோ என்ற அச்சம் அவரைப் பல ஆண்டுகள் வாட்டியது. மோட்சமோ நரகமோ, அது கடவுள் பாடு என்று அந்தக் கணக்கையே கைவிட்ட பிறகுதான் அமைதி வந்தது. அப்போதைக்குக் கையிலிருக்கும் வேலையைக் கடவுளுக்காகச் செய்தால் போதும்; சட்டியில் ஆம்லெட்டைத் திருப்பிப்போடுவதும் செபவேளையும் ஒன்றே என்றார். நாளையைப் பற்றிய கவலையை விலக்கும் மத்தேயு 6ஆம் அதிகாரத்துக்கு இதைவிட எளிய விளக்கவுரை கிடைப்பது அரிது. இது சோம்பலுக்கான சாக்கு அல்ல. அவர் ஓயாமல் உழைத்தவர்.

அவர் பெயரில் வழங்கும் ‘கடவுளின் பிரசன்னத்தைப் பயிலுதல்’ அவரே எழுதிய நூலன்று. அவருடைய உரையாடல்களையும் கடிதங்களையும் அவர் இறந்தபின் தொகுத்து வெளியிட்டவர் ஜோசப் தெ பொஃபோர் என்னும் குரு.